நடுவுலது

அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் அந்தாண்ட வையேன் பாப்பா. மஞ்சளா எம் மூஞ்சிக்கு நேரா ஆடிக்கிட்டே வருது. என்னது, எலுமிச்சம் ஜூஸா? ஜூஸ்னா சரி. குடி குடி, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கொஞ்ச நாளா எனக்குப் பாட்டில்ல மஞ்சளா எதைப் பாத்தாலும் ஆவ மாட்டேங்குது. ஏன்னு கேளு. நீ கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன். பஸ்ஸு திருப்பூர் போய்ச் சேர இன்னும் எவ்வளவோ நேரம் கெடக்கு, நீயும் எங்க எறங்கி ஓடப்போற.

எங்களுக்குக் கும்பகோணம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல டிபன் கடை. முன்னால கடை, பின்னால வீடு. எங்க வீட்டுக்காரரு கல்லாவுல ஒக்காருவாரு, அது ஒண்ணுதான் அவருக்கு நல்லா வரும். எனக்கு மூணும் பையன். பெரியவன் ஹரிகேஷ், பைனான்ஸ் கம்பெனியில வேலை. அந்தப் பேரை எடுக்க ஜோசியர் வீட்டுக்கு நடையா நடந்தோம். கடைசி நிதர்சன், இஞ்சினீரிங் படிக்குது. அதுக்கு நியூமராலஜி பாத்து, இங்கிலீஷ்ல எழுதுறப்ப ஒரு ஹெச் சேத்துப் போடணும்னு சொல்லி, அதுக்குத் தனியா தட்சணை குடுத்தோம். நடுவுலது ஒண்ணு இருக்கு, மாசிலாமணி. எங்க மாமனார் பேரு. அவரு காலமான வருஷம் பொறந்துச்சு, பேரு தேடுற வேலை மிச்சம். வீட்டுல மாசிலாமணின்னு யாரு கூப்புடுறா? நடுவுலதுன்னாத்தான் அது திரும்பியே பாக்கும்.

மூணையும் நான் ஒரே மாதிரிதான் வளத்தேன், இதை எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன். பெரியவனுக்கு பைக் வாங்கிக் குடுத்தோம், வேலைக்குப் போறவன். சின்னதுக்கு லேப்டாப், படிக்கிற புள்ள. நடுவுலதுக்கு என்ன வேணும் சொல்லு. கடையிலயே கெடக்கு. மாவு ஆட்டும், இட்லி ஊத்தும், சாயங்காலம் பஜ்ஜி போடும். சோத்துக்குப் பஞ்சமா, காபிக்குப் பஞ்சமா? அதுக்கு ஒரு கொறையும் வச்சதில்ல. கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதான். அப்பப்போ குளிரு காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கும். தொடை இடுக்குல நெறி கட்டியிருக்குன்னு சொல்லும். ரெண்டு குரோசின் குடுத்தா எந்திரிச்சி வந்து மறுபடி அடுப்பு முன்னால நிக்கும். அப்ப அது வேலைக் கள்ளமா இல்லையா, நீயே சொல்லு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க ஏரியாவுக்கு அருள்மேரின்னு ஒரு நர்ஸ் பொண்ணு. நல்ல பொண்ணுதான், இல்லைன்னு சொல்லல. யானைக்கால் நோய்க்கு டெஸ்ட் எடுக்கணும்னு வந்துச்சு. முன்னெல்லாம் அதுக்கு ராத்திரியில வந்து வெரல்ல குத்தி ரத்தம் எடுப்பாங்க. அந்தப் புழு பகல்ல எங்கயோ பதுங்கிக்குமாம், ராத்திரியிலதான் ரத்தத்துல உலாத்த வருமாம். அதுவும் எங்க வீட்டுக்காரரு மாதிரிதான் போலருக்கு. ரத்தம் எடுக்குறவங்க வர்ற சத்தம் கேட்டாலே தெருவே லைட்டை அணைச்சிட்டுத் தூங்குற மாதிரி நடிக்கும். இப்ப ஒரு மெடிக்கல் காலேஜுலேருந்து புதுசா என்னமோ கண்டுபுடிச்சிருக்காங்களாம், ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், பகல்லயே ஒண்ணுக்கு புடிச்சுக் குடுத்தாப் போதும், அதுலயே தெரிஞ்சிடுமாம். எங்க தெருவைத்தான் மொதல்ல எடுத்திருக்காங்களாம். எங்க வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கல. விஞ்ஞானத்துக்கு நம்மளால ஆனது, ஒண்ணுக்குதானே, தாராளமா எடுத்துக்கங்கன்னாரு.

அந்தப் பொண்ணு வந்த நேரம் காலையில கடையில கூட்டம் நெரியுது. நாலு பெஞ்சுலயும் ஆளு இட்லியில சாம்பாரை ஊத்திப் பெசைஞ்சுகிட்டு இருக்கு. அது நடுவுல நின்னு ஒண்ணுக்கு கிண்ணுக்குன்னு எப்படிப் பேசும்? எங்கிட்ட அஞ்சு டப்பாவைக் குடுத்துச்சு. சின்னச் சின்னதா, மூடி போட்டது. மேல பேரு ஒட்டியிருந்துச்சு. கூட்டத்தை ஒரு பார்வை பாத்துட்டு, எங்காதுகிட்ட வந்து மெதுவா சொல்லுச்சு. சொன்னதை அப்படியே சொல்றேன் கேளு. "ஆன்ட்டி, மொதல்ல உள்ளது வேண்டாம், விட்டுடுங்க. கடைசியில உள்ளதும் வேண்டாம். நடுவுல உள்ளதை மட்டும் புடிச்சுக் குடுங்க."

சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுச்சு.

நீ சிரிக்கிற. எனக்கு அப்ப சிரிப்பு வரல பாப்பா. நீயே யோசிச்சுப் பாரு, மூணு புள்ள பெத்தவகிட்ட வந்து மொதல்ல உள்ளதை விடு, கடைசியை விடு, நடுவுலதைப் புடின்னா அவ என்னன்னு நெனைப்பா? எனக்கு ரொம்ப நியாயமாவும் பட்டுச்சு. பெரியவனுக்குப் பொண்ணு பாத்துகிட்டிருக்கோம், அவனை எதுக்கு இதுல இழுக்கணும். சின்னது படிக்கிற புள்ள, பரிட்சை நேரம். நடுவுலதுதான் சும்மா இருக்கு. அந்தப் பொண்ணு எங்க வீட்டு நெலவரத்தை எவ்வளவு சரியா எடை போட்டு வச்சிருக்கு பாருன்னு மெச்சிக்கிட்டேன். அஞ்சு டப்பாவுலயும் பேரு இருக்கேன்னு கேப்ப. வீட்டுல ஆளுக்கு ஒரு டப்பான்னு கணக்குக் குடுத்திருப்பாங்க, யாருதா இருந்தா என்ன, ரொம்பினா சரின்னு நெனைச்சேன்.

அஞ்சு டப்பாவை ஒரே ஆளு ரொப்புறதுன்னா லேசா? கடை கூட்டம் அடங்கினதும் நடுவுலதைப் பின்னால கூப்பிட்டேன். தெருவுல போன இளநிக்காரனை நிறுத்தி ரெண்டு இளநி வாங்கினேன். நான் அதுக்குன்னு இளநி வாங்கினது அன்னிக்குத்தான் மொதோ தடவையா இருக்கும். கெணத்தடியில ஒக்கார வச்சி, பக்கத்துலயே நானும் ஒக்காந்து, குடிறா, நல்லா குடின்னேன். அப்புறம் ஒரு சொம்பு பானகம். அப்புறம் நீர்மோர். அது ஒவ்வொண்ணையும் வாங்கி வாங்கிக் குடிச்சிட்டு என்னையே பாத்துச்சு. டப்பாவை எடுத்துக் குடுத்தேன். பேரைப் படிச்சிட்டு, "எல்லாத்தையும் நானேவாம்மா?"ன்னு கேட்டுச்சு. ஆமாண்டா, உன்னைத்தான் கேக்குறாங்க, வேற யாரும் வேண்டாமாம்னேன். அதுக்கு ஒரு சிரிப்பு. சரிம்மான்னுச்சு. உள்ள போவும், ஒண்ணைக் கொண்டாரும், மறுபடி வந்து எம்பக்கத்துல ஒக்காரும், கதை பேசும். என்னென்னமோ பேசுச்சு. கெணத்துல ஆமை இருக்கும்மான்னுச்சு. நான் அடுத்த டப்பாவுலயே கண்ணா இருந்தேன், பாதி காதுல வாங்கல. மத்தியானத்துக்குள்ள அஞ்சும் ரெடி.

இது நடந்து பத்துப் பதினஞ்சு நாள் போயிருக்கும். பெரியவனுக்கு அய்யம்பேட்டையில ஒரு எடம் அமைஞ்சுது. நல்ல எடம். வயல் இருக்கு, மாடி வீடு இருக்கு, பொண்ணு பி.எட். அவுங்க வீடு பாக்க வந்தாங்க. பொண்ணோட அப்பாரு, அம்மா, அத்தைக்காரி ஒருத்தி. அத்தைன்னா அப்படி ஒரு அத்தை, வாசல்படியிலயே குனிஞ்சு சாக்கடை எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்குறா. கூடத்துல ஒக்கார வச்சி, கேசரி குடுத்து, நடுவுலதைப் பின்னால பஜ்ஜி போடச் சொல்லிட்டு, பேச்சு நல்லா சூடு புடிச்சு, தேதி குறிக்கிற கட்டத்துக்கு வந்தாச்சு. அப்பதான் வாசல்ல ஜீப் வந்து நிக்குது. அருள்மேரி எறங்குது. கூட ஒரு டாக்டரு.

அந்தப் பொண்ணு பாவம், ஆளுங்க ஒக்காந்திருக்கிறதைப் பாத்ததும் தயங்குச்சு. சார், கொஞ்சம் வெளிய வாங்க, தனியா பேசணும்னுச்சு. எங்க வீட்டுக்காரரு இருக்காரே, சம்பந்தி முன்னாடி பெரிய மனுஷன் ஆகணும்னு, "எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லும்மா, நம்ம வீட்டுல ஒளிவு மறைவே கெடையாது"ன்னாரு. சரின்னு அது சொல்லிடுச்சு. "ஒங்க வீட்டுல எல்லாருக்கும் ரெண்டு கோடு வந்திருக்கு சார்."

ரெண்டு கோடுன்னா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான் பாப்பா. இந்த வயசுல மறுபடி புள்ளையான்னு ஆயிடுச்சு எனக்கு. எங்க வீட்டுக்காரரு என்னைப் பாக்குறாரு, அப்புறம் தன் வயித்தைப் பாக்குறாரு. அந்த அத்தைக்காரி விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பிச்சிட்டா. அப்புறம்தான் டாக்டரு சொன்னாரு, இது யானைக்கால் புழுவுக்கான டெஸ்ட்டு, அஞ்சு டப்பாவுலயும் அழுத்தமா காட்டுது, ஒரே வீட்டுல இப்படி நாங்க எங்கயுமே பாத்ததில்லன்னு. அந்த மனுஷன் மொகத்துல அவ்வளவு சந்தோஷம். ஏதோ பரிசு குடுக்க வந்தவரு மாதிரி நிக்கிறாரு.

பொண்ணோட அப்பாரு குனிஞ்சு எல்லார் காலையும் வரிசையா பாத்தாரு. எங்க வீட்டுக்காரரு காலை நாற்காலிக்கு அடியில இழுத்துகிட்டாரு. பெரியவன் வேட்டியை எறக்கி விட்டான். அவன் காலுல ஒண்ணும் இல்ல, ஆனா அப்ப அதை மறைச்சதுல, இருக்குன்னு ஆயிடுச்சு. அத்தைக்காரி கேசரித் தட்டைத் தள்ளி வச்சா.

எனக்கு வேற என்ன வழி இருந்துச்சு சொல்லு. எம்புள்ள கல்யாணம் கண்ணு முன்னால போவுது. எந்திரிச்சு நின்னு சொல்லிட்டேன். "ஐயோ சம்பந்தி, அது எதுவும் எங்களுது இல்ல. அஞ்சும் நடுவுலதோடது. நோயி அதுக்குத்தான், எங்க யாருக்கும் இல்ல"ன்னேன். அவுங்க நம்பணும்ல? பின்னாலேருந்து அதைக் கூப்பிட்டேன். பஜ்ஜிக் கரண்டியோட வந்து நின்னுச்சு. கைலியைத் தூக்கிக் காட்டுறான்னேன். அது என்னைப் பாத்துச்சு. காட்டுறாங்கிறேன்னு ஒரு சத்தம் போட்டேன். தூக்கிக் காட்டுச்சு.

இடது கால். கணுக்கால்லேருந்து மேல புசுபுசுன்னு இருந்துச்சு. கரண்டியிலேருந்து மாவு சொட்டுது, அது தலையைக் குனிஞ்சு நிக்குது. அந்த நர்ஸ் பொண்ணு தரையில முட்டி போட்டு ஒக்காந்து வெரலால அழுத்திப் பாத்துச்சு. எவ்வளவு நாளாண்ணா இருக்குன்னு கேட்டுச்சு. நான்தான் முந்திக்கிட்டு, நாளெல்லாம் நின்னுகிட்டே வேலை பாக்குதுல்ல, அதான் லேசா வீக்கம்னேன். அது மெதுவா, "ரெண்டு வருஷமா சிஸ்டர்"ன்னுச்சு. எனக்கு எப்படித் தெரியும்? கைலி கட்டிகிட்டு நிக்கிற புள்ள காலை தூக்கித் தூக்கியா பாத்துகிட்டு இருப்பாங்க?

அப்புறம்தான் அருள்மேரி என்னைப் பிலுபிலுன்னு புடிச்சிகிட்டுச்சு. நான் ஒண்ணுக்கைச் சொன்னேன் ஆன்ட்டி, ஒங்க புள்ளையச் சொல்லலன்னுச்சு. மொதல்ல வர்றதைக் கீழ விட்டுட்டு, பாதியில டப்பாவைப் புடிக்கணுமாம், ஆளாளுக்கு அவுங்கவுங்கது. அதை வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? இட்லி தின்னுறவன் காதுல விழுந்தா விழுந்துட்டுப் போவட்டும். படிச்ச பொண்ணுக்கு அதுல என்ன கூச்சம்? இது என் தப்பா பாப்பா? வந்தவங்களுக்கு வெவரம் புரிஞ்சதும் பொண்ணோட அப்பாரே சிரிச்சிட்டாரு. அப்பவே எல்லாருக்கும் மறுபடி சரியா எடுத்தாங்க. எங்க நாலு பேருக்கும் ஒண்ணும் இல்ல. நடுவுலதுக்கு மட்டும்தான். தொட்டா ஒட்டுற நோயும் இல்ல, கொசுக்கடியில வர்றதுதான், இப்பவே மாத்திரை போட்டு, காலைத் தெனம் கழுவிப் பாத்துகிட்டா இதோட நிக்கும்னு டாக்டரு அவுங்களுக்கும் எடுத்துச் சொன்னாரு. அய்யம்பேட்டைக்காரங்க சம்மதிச்சிட்டாங்க. வர்ற தையில கல்யாணம். அதுல எனக்குச் சந்தோஷம்தான்.

மறுநாள் விடியக்காலையில பாத்தா நடுவுலதைக் காணும். இட்லிக்கு ஊற வச்சிட்டு, அடுப்பைத் துடைச்சு வச்சிட்டு, பையை எடுத்துகிட்டுக் கெளம்பியிருக்கு. ஒரு வார்த்தை சொல்லல. வந்துடும் வந்துடும்னு இருந்தோம். பால்காரரு மவன்தான் வந்து சொன்னான், திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில அதைப் பாத்தேன்னு. அங்கயும் நின்னுகிட்டேதான் வேலையாம்.

கடையைக் கேக்காத. பெரியவன் ஒரு நா மாவு ஆட்டினான், இட்லி இருக்கே, செவுத்துல அடிச்சா செவுரு ஒடையும். சின்னது ஒரு நா பஜ்ஜி போட்டுட்டுக் கையைச் சுட்டுகிட்டு லீவு போட்டுடுச்சு. இப்ப பாதி நாளு கடை சாத்தித்தான் கெடக்கு. வர்றவங்க எல்லாம் அந்தத் தம்பி எங்க, அந்தத் தம்பி எங்கன்னு கேக்குறாங்க. அவுங்களுக்கு எல்லாம் அதைத் தெரியும்ங்கிறதே எனக்கு அப்பதான் தெரியும். இந்தச் சோம்பேறிப் பய இவ்வளவு வேலை பாத்துகிட்டா இருந்தான்னு எங்க வீட்டுக்காரரு கல்லாவுல ஒக்காந்து கேக்குறாரு.

இதுல அருள்மேரி வேற நேத்து வந்து ஒண்ணு சொல்லிட்டுப் போச்சு. அது அன்னிக்கு ஜீப்புல ஏறுறதுக்கு முன்னாடி நடுவுலதுகிட்ட தனியா கேட்டுச்சாம், ஏண்ணா, டப்பாவுல பேரு ஒட்டியிருக்கே, ஆளுக்கு ஒண்ணுன்னு ஒங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதான்னு. அதுக்கு அது, "தெரியும் சிஸ்டர். பாத்ததுமே தெரியும். எங்கம்மா பக்கத்துல ஒக்காந்து இளநி குடுத்துச்சு. ஒரு டப்பாவோட முடிஞ்சா எந்திரிச்சிப் போயிடும்ல, அதான் அஞ்சையும் ரொப்பினேன்"னு சொல்லிச்சாம்.

இதுல என்ன இருக்கு பாப்பா? இளநி வேணும்னா கேக்க வேண்டியதுதானே. வாங்கித் தர மாட்டேன்னா சொன்னேன்? பக்கத்துல ஒக்காரணும்னா, ம்மா இங்க வந்து ஒக்காருன்னு சொன்னா நான் என்ன ஒக்காராமலா போயிடுவேன்? கடையில வேலை கெடந்துச்சு. வேலை கெடக்கும்ல. மூணையும் நான் ஒரே மாதிரிதான் வளத்தேன்.

இல்ல, நான் அழுவல. சன்னல் காத்து.

இந்தா பாரு, இது அதோட மாத்திரை. போட்டுக்காமலே போயிடுச்சு. சாப்பிட்டுட்டுப் போடணுமாம், வெறும் வயித்துல போட்டா மயக்கம் வருமாம். இப்ப விட்டுட்டா காலு நாளாவ நாளாவப் பெருத்துகிட்டே போவும், அப்புறம் எந்த மாத்திரையாலயும் சுருக்க முடியாதுன்னு அந்தப் பொண்ணு எங்கையில திணிச்சு விட்டுச்சு. திருப்பூர்ல எங்க போய்த் தேடுவேன்னு கேக்குறியா. அதான் எனக்கும் தெரியல. எத்தினி பனியன் கம்பெனி இருக்குமோ. பெரியவன் ஆபீஸ்ல எந்த மாடின்னு தெரியும், சின்னது காலேஜுல எந்த கிளாஸ்னு தெரியும். இதுக்கு எம் போன்ல நம்பரு கூடக் கெடையாது. கூப்புட்டா ஏன்னு கேக்குற தூரத்துலயே கெடந்துச்சு, அதுக்கு எதுக்கு நம்பரு. பெரியவன்கிட்ட வாங்கி இந்த மாத்திரைக் கவர் மேல எழுதிக்கிட்டு வந்தேன். ஆனா எங்க நம்பரைப் பாத்தா அது எடுக்க மாட்டேங்குது.

ஒரு ஒதவி பண்ணு பாப்பா. ஒம் போன்லேருந்து ஒரு தடவை அடிச்சுப் பாரேன். புது நம்பருன்னா எடுத்தாலும் எடுக்கும். ஆமா, அதான், கடைசியில ஏழு. ரிங்கு போவுதா? எடுத்துடுச்சா? என்ன பேசுறது இப்ப. நீ பேசு. இல்ல வேண்டாம், குடு, நானே பேசுறேன்.

அலோ. நாந்தான்டா. அம்மா.

இல்லடா, அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கான்.

தம்பிக்கும் ஒண்ணுமில்லடா, காலேஜுக்குப் போயிருக்கான்.

அப்பாவும் நல்லாருக்காரு. கடை கெடக்கு விடு, நான் கடைக்காகக் கூப்புடல.

யாருக்கும் ஒண்ணும் ஆவலடா. ஒனக்காகத்தான் பண்ணேன். ஒன்னைக் கேக்கத்தான்.

காலு எப்படிடா இருக்கு?